இடது கை தூக்கியவள்

கேள்வியை நான் முடிக்கக்கூட இல்லை. அதற்குள் வகுப்பே கை தூக்கிவிட்டது.

பம்மலில் எங்கள் பள்ளி. மாடியில் ஆறாம் வகுப்பு. மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய பாடவேளை. எவனோ அவசரப்பட்டு டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்திருக்கிறான். வகுப்பு முழுக்க எலுமிச்சை சாத வாசனை. கடைசி பெஞ்சில் என்னைப் பரீட்சை செய்ய வந்த ஐஸ்வர்யா மேடம் மடியில் அட்டையும் கையில் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் எங்கள் எச்.எம். அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு.

கைகளைப் பார்த்தேன். பாதி வலது கை. மீதி இடது கை. எனக்குப் பயமாகிவிட்டது.

வகுப்பு மொத்தமும் கை தூக்கினால் ஒரு டீச்சருக்குச் சந்தோஷம்தானே வர வேண்டும், பயம் ஏன் வந்தது என்று கேட்பீர்கள். அதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நான் 'கொஞ்சம்' என்றால் அது எவ்வளவு தூரம் என்பது இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

தமிழ் மிஸ்ஸுக்கு எதுக்கு இங்கிலீஷ்?

போன வாரம், இந்த வயதில் இங்கிலீஷ் சொல்லித்தருவதற்கு ஒரு சர்டிபிகேட் வாங்கிய கதை ஒன்று இருக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். படித்துவிட்டு என் அக்கா காலையிலேயே போன் செய்துவிட்டாள்.

"ஏன்டி தெய்வானை, நீ தமிழ் டீச்சர்தானே? உனக்கு எதுக்குடி இங்கிலீஷு?"

இதையேதான் நானும் கேட்டேன். எங்கள் கரெஸ்பாண்டென்ட் அறையில் நின்றுகொண்டு, வெளியே கிளார்க்குக்கும் கேட்கிற மாதிரி கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட செய்தி சொல்வதற்கு முன்னால் அவர் எப்போதும் கண்ணாடியைத் துடைப்பார்.

"தமிழ் மீடியத்துல அட்மிஷனே வரமாட்டேங்குதும்மா. வர்ற ஜூனோட மூடிடறோம். இருக்கற பசங்கள இங்கிலீஷ் மீடியத்துக்கு மாத்தறோம். வீட்ல இங்கிலீஷே பேசாத பசங்க. அவங்களுக்கு அத ரெண்டாவது மொழியா சொல்லிக் குடுக்கத் தெரிஞ்ச டீச்சர் வேணும். அதுக்குன்னே ஒரு கோர்ஸ் இருக்கு. நீங்களும் ஸ்டெல்லா டீச்சரும் முடிச்சிட்டு வாங்க, வேலை இருக்கு. முடிக்கலைன்னா..."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

இங்கிலீஷ் மீடியத்துப் பக்கம் தமிழ் எடுக்க ஏற்கெனவே ஒருவர் இருந்தார். ஆக, சர்டிபிகேட் இல்லையென்றால் ஜூனில் எனக்கு நாற்காலி இல்லை. விஷயம் அவ்வளவுதான்.

எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. எம்.ஏ. தமிழ் படித்திருக்கிறேன், பி.எட். முடித்திருக்கிறேன், ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதிப் பாஸ் செய்திருக்கிறேன். எத்தனையோ வருஷமாக சாக்பீஸ் தூள் தின்றவளுக்கு, பாடம் எப்படி நடத்துவது என்று இன்னொருவர் சொல்லித்தரப் போகிறாராம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஷேர் ஆட்டோவில் ஸ்டெல்லாவிடம் இதையே பேசிக்கொண்டு வந்தேன். ஸ்டெல்லா தமிழ் மீடியத்துக் கணக்கு டீச்சர். அவள் எதற்கும் பதறுகிறவள் இல்லை.

"திட்டி முடிச்சிட்டீங்களா அக்கா? அப்ப அப்ளிகேஷன் வாங்கிட்டு வந்துடலாமா?" என்றாள் பல்லாவரத்தில் இறங்கும்போது.

என் வீட்டுக்காரருக்கு முடிச்சூர் ரோட்டில் எலெக்ட்ரிக்கல் சாமான் கடை. "வுடு, இன்னா இப்ப? வூட்ல ரெஸ்ட் எடு" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் ரெஸ்ட் என்கிற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. வீட்டில் உட்கார எனக்குத் தெரியாது. மே மாத லீவிலேயே மூன்றாவது வாரம் நான் எல்லோரிடமும் சண்டை போட ஆரம்பித்துவிடுவேன். காலையில் எழுந்து புடவை கட்டி, முன்னால் நிற்க ஒரு வகுப்பு இருந்தால்தான் நான் நானாக இருப்பேன். அது இல்லாத என்னை எனக்கு அடையாளமே தெரியாது.

இன்னொரு பயமும் இருந்தது. அதை ஸ்டெல்லாவிடம்கூடச் சொல்லவில்லை. எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும், எழுதவும் எழுதுவேன். பேசு என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். தமிழில் வாயைத் திறந்தால் மூடத் தெரியாத நான், இங்கிலீஷில் மூடிய வாயைத் திறக்கத் தெரியாமல் இருந்தேன்.

ஒரே அறையில் இத்தனை டீச்சர்கள்

காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரி. சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பு. தாம்பரத்தில் செங்கல்பட்டு வண்டியைப் பிடித்து நானும் ஸ்டெல்லாவும் போவோம். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் அவள் ஜபமாலையை எடுப்பாள். நான் கையேட்டை எடுப்பேன். ஊரப்பாக்கம் வருவதற்குள் இரண்டு பேரும் தூங்கிவிடுவோம்.

வந்தவர்கள் எல்லோரும் எங்களைப் போல உத்தியோகத்தில் இருக்கும் ஆசிரியர்கள்தான். அதுதான் வேடிக்கை. டீச்சர்களை மாணவர்களாக உட்கார வைப்பதைப்போல் கஷ்டம் உலகத்தில் கிடையாது. மின்விசிறி சத்தம் போட்டால் நாலு பேர் எழுந்து நிறுத்தப் போவோம். போர்டில் எழுத்து கோணலாக இருந்தால் பின் பெஞ்சிலிருந்து உச்சுக் கொட்டும் சத்தம் கேட்கும். ஒருநாள் எங்களுக்குப் பாடம் எடுக்கிறவர் வர நேரமாகிவிட்டது, எல்லோரும் சளசளவென்று பேசிக்கொண்டிருந்தோம். திடீரென்று அறையின் பல மூலைகளிலிருந்து ஒரே நேரத்தில் "சைலன்ஸ்" என்று அதட்டல். சொன்னவர்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஸ்டெல்லா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பாடம் எடுக்கிறவர்தான் ஐஸ்வர்யா மேடம். என் பெரிய பெண்ணைவிடச் சின்னவர். ஜீன்ஸும் குர்தாவும், முதுகில் பை. மேடவாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். "சாரி மேடம், சாரி சார், சிக்னல்ல தண்ணி டாங்கர் ஒண்ணு குறுக்க நின்னுடுச்சு" என்று ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே நுழைவார். இந்தக் குழந்தையா எனக்குப் பாடம் எடுக்கப்போகிறது என்றுதான் முதல் நாள் நினைத்தேன். அதை முகத்திலும் காட்டியிருப்பேன். எனக்கு எதையும் முகத்தில் மறைக்க வராது.

தலையாட்டிய நாள்

மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, அவர் உள்ளே வந்து வணக்கம் சொல்லவில்லை. குனிந்து எங்களைக் கும்பிட்டு ஏதோ பேச ஆரம்பித்தார். தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு ஐ.டி. கம்பெனியில் கொஞ்ச காலம் வேலை பார்த்தபோது ஜப்பானிய மொழி கற்றாராம். அது பிறகுதான் தெரிந்தது. அப்போது எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

ஒரு ஆப்பிளைக் காட்டினார், ஏதோ சொன்னார். ஒரு குடையைக் காட்டினார், ஏதோ சொன்னார். பிறகு நேராக என்னிடம் வந்து நின்று ஏதோ கேட்டார். குரலைப் பார்த்தால் கேள்வி.

என் காது சூடாகிவிட்டது. இத்தனை பேர் பார்க்கிறார்கள். பக்கத்தில் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள். ஐஸ்வர்யா மேடம் சிரித்த முகத்தோடு இன்னொரு தடவை கேட்டார். 'புரிந்ததா' என்று கேட்கிறார் என்று எனக்குப் பட்டது. தலையை ஆட்டினேன். அவர் அடுத்தவரிடம் போனார். அவரும் தலையை ஆட்டினார். அந்த வரிசையில் எல்லோரும் ஆட்டினோம்.

பிறகு தமிழுக்கு வந்தார். "உங்க பேர் என்னன்னு கேட்டேன் மேடம்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே சிரிப்பு வரவில்லை. என் வகுப்பில் 'புரிஞ்சுதா' என்று கேட்டதும் தலையை ஆட்டிய பிள்ளைகளின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. புரிந்தது என்று நினைத்து அடுத்த பக்கம் திருப்பியிருக்கிறேன். பேர் என்ன என்ற கேள்விக்குத் தலையாட்டுகிற நிலைமையில் அதுகள் உட்கார்ந்திருந்திருக்கும்.

அன்று திரும்பும் வண்டியில் கையேட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன். "உடம்பு சரியில்லையாக்கா?" என்று ஸ்டெல்லா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

விமானம் போகும்வரை

கோர்ஸின் கடைசியில் எங்கள் பள்ளிக்கே வந்து, நாங்கள் இங்கிலீஷ் பாடம் எடுப்பதை அவர் உட்கார்ந்து பார்ப்பார். இரண்டு தடவை வருவார். இரண்டாவது தடவையும் போதாது என்று எழுதிவிட்டால் கோர்ஸை அடுத்த வருஷம் மறுபடி செய்ய வேண்டும். அதற்குள் ஜூன் போய்விடும்.

ஸ்டெல்லா முதல் தடவையே பாஸ். நான் முதல் தடவை பிரமாதமாக நடத்தினேன். அப்படித்தான் நினைத்தேன். பாடம் முடிந்ததும் ஐஸ்வர்யா மேடம் என்னைத் தனியாக அழைத்தார்.

"மேடம், உங்க வாய்ஸ், உங்க எனர்ஜி, பசங்க உங்க மேல வச்சிருக்கற பாசம், எல்லாமே சூப்பர். ஆனா பசங்க பேசவே இல்ல மேடம்."

"பேசினாங்களே. ஒவ்வொண்ணுக்கும் பதில் சொன்னாங்களே."

"நீங்க பாதி வார்த்தை சொல்றீங்க, அவங்க மீதி பாதிய கத்தறாங்க. நீங்க 'டேபி...' ன்றீங்க, அவங்க '...ள்' ன்றாங்க."

எனக்கு மூக்கு உடைந்தது. உண்மைதான். சூரியன் எங்கே உதிக்கும், கிழக்... என்று நான் இழுத்தால் வகுப்பே ...கில் என்று முடிக்கும். அப்படிக் கேட்டுத்தான் நானும் படித்தேன், அப்படித்தான் பாடமும் நடத்துகிறேன்.

"கேள்வி கேட்டுட்டு வெயிட் பண்ணுங்க மேடம். பதில் வர வரைக்கும் சும்மா இருங்க."

"எனக்கு சும்மா இருக்க வராது மேடம்" என்றேன். அது அகம்பாவம் இல்லை. வகுப்பில் ஒரு நொடி சத்தம் நின்றால் என் கால் தன்னால் நடக்க ஆரம்பித்துவிடும், வாய் தன்னால் திறந்துவிடும்.

அப்போது தலைக்கு மேல் ஒரு விமானம் போனது. மீனம்பாக்கத்துக்கு இறங்குகிற விமானங்கள் எங்கள் மொட்டை மாடியை உரசாத குறையாகப் போகும். ஜன்னல் கண்ணாடி அதிரும். பேசினால் கேட்காது. பேச்சை நிறுத்தி, சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்குவது எங்கள் பள்ளியில் பியூன் முதல் கரெஸ்பாண்டென்ட் வரை எல்லோருக்கும் பழக்கம். நானும் பேச வாயெடுத்தவள் நிறுத்திவிட்டேன். சத்தம் தேய்ந்து அடங்கியது.

ஐஸ்வர்யா மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப இருந்தீங்களே மேடம், சும்மா."

அன்றிலிருந்து அதுதான் என் பயிற்சி. வீட்டில் யாரிடமாவது ஒரு கேள்வி கேட்டுவிட்டு, மனசுக்குள் ஒரு விமானத்தை இறக்குவேன். "இன்னாடி ஆச்சு உனக்கு? கேட்டுட்டு அப்டியே பாத்துகினு நிக்கிறியே" என்று வீட்டுக்காரர் முதலில் பயந்தார். பிறகு பழகிக்கொண்டார். சொல்லப்போனால் கல்யாணமானதிலிருந்து அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

வலது தெரியும், இடது தெரியாது

இனி அந்தக் கைகளுக்கு வருகிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஆசிரியர் வேலையில் இருக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு, இதையெல்லாமா வெளியே எழுதுவது என்று பல்லைக் கடிப்பார்கள். இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது என்றால் பாடத்தை முந்தின நாளே ஒரு தடவை நடத்திப் பார்த்துவிடுவோம். கூடவே பிள்ளைகளிடம் சொல்லி வைப்போம்: கேள்வி கேட்டால் எல்லோரும் கை தூக்கணும். பதில் தெரிந்தவர்கள் வலது கை. தெரியாதவர்கள் இடது கை. வந்தவருக்கு வகுப்பு முழுக்கக் கையாகத் தெரியும். டீச்சர் வலது கையாகப் பார்த்துக் கேட்டுக்கொள்வார். யாருக்கும் அவமானம் இல்லை, பள்ளிக்கும் பெயர் கெடாது.

இரண்டாவது தடவை ஐஸ்வர்யா மேடம் வருவதற்கு முந்தின நாள் மதியம், கோர்ஸ் வேலையாக நான் அரை நாள் லீவு எடுத்திருந்தேன். பாடக் குறிப்பை வழக்கம்போல எச்.எம்.மிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கியிருந்தேன். அதில் நான் கேட்கப்போகிற கேள்வி இருந்தது. எச்.எம். நல்ல மனுஷி. என் வேலை போகக் கூடாது என்று என்னைவிட அதிகமாக வேண்டிக்கொண்டவர். அந்த மதியம் அவர் சும்மா இருக்கவில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் போய் நின்று, "வாட் டிட் யூ சீ ஆன் த வே டு ஸ்கூல்?" என்று கேட்டேன். பள்ளிக்கு வரும் வழியில் என்ன பார்த்தாய்? கை எல்லாம் மேலே போனது. வலதும் இடதுமாக.

பார்த்த உடனே புரிந்துவிட்டது. எச்.எம்.மின் சிரிப்பும் புரிந்தது.

என்ன செய்ய? ஒரு வலது கையைக் கேட்டேன்.

"ஐ சா எ பிக் ட்ரெயின், மிஸ்."

இன்னொரு வலது கை. "ஐ சா தாம்பரம் பிரிட்ஜ், மிஸ்."

மூன்றாவது வலது கை. "ஐ சா கேம்ப் ரோட் சிக்னல், மிஸ்."

தலையில் அடித்துக்கொள்ளாத குறை. கேம்ப் ரோடு சிக்னலைப் பார்த்ததாகச் சொன்னவன் வீடு பள்ளிக்கூடத்துக்கு அடுத்த சந்து. சிக்னல் இருப்பது கிழக்குத் தாம்பரத்துக்கும் அப்பால், சேலையூர்ப் பக்கம். அவன் அங்கே போயிருப்பானா என்பதே சந்தேகம். சேலையூரிலிருந்து ஸ்கூட்டியில் கேம்ப் ரோடு, தாம்பரம் பாலம், ரயில் என்று பார்த்துக்கொண்டு வருகிறவர் எங்கள் எச்.எம். அவர் வருகிற வழியை அப்படியே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டிருக்கிறார்.

ஐஸ்வர்யா மேடத்தைப் பார்த்தேன். பேனாவை மூடி மடியில் வைத்துவிட்டார். ஒன்றும் எழுதவில்லை.

அந்தக் கணத்தில் எனக்கு ஜூன் மாதம் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. காலையில் எழுந்து எங்கும் போகாத நான் தெரிந்தேன். இன்னும் பத்துப் பதினைந்து வலது கைகள் இருந்தன. அவற்றை வரிசையாகக் கேட்டு முடித்தால், பாடம் ஒழுங்காக நடந்ததாகக் கணக்கு. யாராவது ஒருவரிடம் வேறு கேள்வி கேட்டு அது தடுமாறினால் எல்லாம் கவிழ்ந்துவிடும்.

இரண்டாவது பெஞ்சில் பவித்ரா. அப்பா தோல் பை தைக்கிற பட்டறையில் வேலை. தமிழ் வகுப்பில்கூட அவளிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவது பெரும்பாடு. அவள் இடது கையைத் தூக்கியிருந்தாள். தோளோடு ஒட்டி, பாதி தூரம்தான். மேலே தூக்கச் சொல்லியிருக்கிறார்களே என்று தூக்கிய கை. எனக்கு அந்த ஜப்பானிய வகுப்பில் தலையை ஆட்டியது ஞாபகம் வந்தது.

"பவித்ரா, யூ?" என்றேன்.

வகுப்பு மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. எச்.எம். இருமினார். பவித்ரா எழுந்தாள். மாற்றித் தூக்கிவிட்டோமோ என்று தன் கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். இடதுதான். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"வாட் டிட் யூ சீ?" என்று மெதுவாக இன்னொரு தடவை கேட்டேன். வாயை மூடிக்கொண்டேன்.

மின்விசிறி கிரீச்சிட்டது. எவனோ களுக்கென்று சிரித்தான். என் கால் நடக்கப் பார்த்தது, மேஜையைப் பிடித்துக்கொண்டேன். 'ஐ சா எ ப...' என்று நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கினேன். மனசுக்குள் ஒரு விமானத்தை இறக்கினேன். அது போய்ச் சேர்ந்தது. அவள் பேசவில்லை. இன்னொன்றை இறக்கினேன்.

"ஐ சா..." என்றாள். நின்றாள். தரையைப் பார்த்தாள். "ஐ சா வாட்டர் லாரி, மிஸ்."

நான் தலையை மட்டும் அசைத்தேன்.

"ரோட் ஃபுல் வாட்டர். மை ஷூ..." காலைத் தூக்கிக் காட்டினாள். கறுப்பு ஷூ ஊறிப்போயிருந்தது. "வாட்டர் இன் மை ஷூ."

அன்று அந்த வகுப்பில் யாரும் சொல்லிக்கொடுக்காமல் வந்த முதல் இங்கிலீஷ் அதுதான். 

பின்னாலிருந்து ஒரு இடது கை விறுவிறுவென்று ஆடியது. "மிஸ், மிஸ், மீ ஆல்சோ லாரி! மை சிஸ்டர் ஃபால். ஸ்கர்ட் ஃபுல் மட்."

"யுவர் சிஸ்டர் கிரை?" என்று முன் பெஞ்சுக்காரி திரும்பி அவனையே கேட்டாள்.

"நோ கிரை. மை மதர் ஷவுட். லாரி அங்கிள் ஷவுட்."

வகுப்பே சிரித்தது. காலையில் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த சந்தில் தண்ணி லாரி குழாய் கழன்று தண்ணீர் ஆறாக ஓடியிருக்கிறது. பாதிப் பேர் அதை மிதித்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள். கேம்ப் ரோடு சிக்னல்காரன்கூட எழுந்து, "மிஸ், ஐ ஜம்ப்" என்று குதித்துக் காட்டினான். அவன் பேன்ட் முழங்கால்வரை சேறு. அவ்வளவு சேற்றை வைத்துக்கொண்டுதான் சிக்னலைப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறான்.

எத்தனை தப்பு! திருத்தச் சொல்லி என் கை பரபரத்தது. மேஜையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கடைசி பெஞ்சில் ஐஸ்வர்யா மேடம் பேனாவைத் திறந்து வேகமாக எழுதிக்கொண்டிருந்தார்.

லெஃப்ட் ஹேண்ட்

மணி அடித்ததும் எச்.எம். என்னை மாடிப்படியில் மறித்தார்.

"ஏம்மா தெய்வானை, லெஃப்ட்ட போய் கேட்டியே. எனக்கு உசுரே போச்சு. உனக்காகத்தானே நான் தொண்டை வத்தக் கத்திச் சொல்லி வச்சேன்?"

அவர் குரல் நிஜமாகவே கட்டியிருந்தது. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. "தெரியும் மேடம்" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ரவுண்ட்ஸ் போனார்.

சயின்ஸ் லேபில் ஐஸ்வர்யா மேடம் எனக்காகக் காத்திருந்தார். பாடம் முடிந்தபின் நடக்கும் பேச்சு இங்கிலீஷில்தான் இருக்க வேண்டும் என்பது விதி. அதுவும் பரீட்சையில் சேர்த்தி.

"ஒய் டிட் யூ சூஸ் தட் கேர்ள், மேடம்?"

ஏன் அந்தப் பெண்ணைக் கேட்டீர்கள்? தமிழில் கேட்டிருந்தால் அரை மணி நேரம் பேசியிருப்பேன். இங்கிலீஷில் ஒரு வார்த்தை வரவில்லை. வந்தாலும் என்ன சொல்ல முடியும்? உண்மையைச் சொன்னால் எச்.எம். மாட்டிக்கொள்வார், மொத்தப் பாடமும் முன்னாலேயே ஒத்திகை பார்த்தது என்றாகிவிடும். பொய் சொல்லுமளவுக்கு எனக்கு இங்கிலீஷும் தெரியாது.

அவர் மறுபடி கேட்கவில்லை. பாதி வார்த்தையும் எடுத்துக் கொடுக்கவில்லை. சும்மா இருந்தார். நான் பவித்ராவுக்காகக் காத்திருந்ததைப் போலவே எனக்காகக் காத்திருந்தார்.

"மேடம்..." என்றேன். "ஷி... லெஃப்ட் ஹேண்ட்."

அவ்வளவுதான் வந்தது.

அவர் அட்டையை மூடிவிட்டுத் தமிழுக்கு வந்தார். "தெரியும் மேடம். கை தூக்கினப்பவே தெரிஞ்சிடுச்சு. நான் படிச்சது குரோம்பேட்டைல. இன்ஸ்பெக்‌ஷன்னா எங்க கிளாஸ்லயும் இதேதான்."

"நீங்க..."

"நான் எப்பவுமே லெஃப்ட் மேடம்." சிரித்தார். "ஒரு தடவையாவது யாராவது நம்மள கேக்க மாட்டாங்களான்னு இருக்கும். கேட்டுட்டா என்ன சொல்றதுன்னு பயமாவும் இருக்கும். ஸ்கூல் முடியற வரைக்கும் யாருமே கேக்கல."

சாதாரணமாகத்தான் சொன்னார். பையை எடுத்து ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டே சொன்னார். எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது. இந்தக் குழந்தையா எனக்குப் பாடம் எடுக்கப்போகிறது என்று முதல் நாள் நினைத்தேனே, அந்தக் குழந்தையை மடியில் போட்டுக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

"மனப்பாடம் பண்ண பதிலுக்கு நான் மார்க் ஒண்ணும் போடல" என்றார் வாசலில் நின்று. "தண்ணி லாரிக்கு அப்புறம் நடந்ததுக்குத்தான். பாஸ் மேடம்."

அவர் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போவதை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். கீழே ஸ்டெல்லா அண்ணாந்து என்னவென்று கையாலேயே கேட்டாள். நானும் கையாலேயே சொன்னேன். அவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை அதே வகுப்பு. ஆனால் தமிழ்ப் பாடவேளை. புத்தகத்தைத் திறந்துவைத்து, போர்டில் தேதி எழுதிக்கொண்டிருந்தேன். இன்னும் எதுவும் கேட்கவில்லை. திரும்பினால் பவித்ரா கை தூக்கிக்கொண்டு நிற்கிறாள்.

"என்ன பவித்ரா?"

அவள் காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டிக் காட்டினாள்.

"ஷூ காஞ்சிடுச்சு மிஸ். அத இங்கிலீஷ்ல இன்னா சொல்லணும்?"